புல்தரை ஏன் போதாது?

கட்டிலிலிருந்து குழந்தை உருண்டு விழுகிறது. கீழே டைல்ஸ் தரை. ஊரைக் கூட்டி அழுதுவிட்டுப் பத்து நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறது. இன்னொரு நாள் அதே குழந்தை தோட்டத்துச் சறுக்குமரத்தின் மேல்தட்டிலிருந்து புல்லில் விழுகிறது. கையில் மாவுக்கட்டுடன் வீடு திரும்புகிறது. டைல்ஸில் விழுந்தபோது ஒன்றும் ஆகவில்லை, புல்லில் விழுந்தபோது எலும்பு முறிந்துவிட்டது. உயரம் அதிகம் என்பது உடனே தோன்றும் பதில். அது பாதிதான் சரி. அதே உயரத்திலிருந்து மணலில் விழுந்து, சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு மறுபடி ஏறும் பிள்ளைகள் எத்தனையோ பேர். மீதிப் பதில் தரைக்குள் இருக்கிறது.

அமெரிக்காவில் வீட்டிலேயே நடத்தப்படும் குழந்தைக் காப்பகங்கள், அதாவது டே-கேர்கள், ஏராளம். கலிபோர்னியாவில் சிறிய உரிமம் வாங்கினால் 8 பிள்ளைகள் வரையும் பெரிய உரிமத்துக்கு 14 பிள்ளைகள் வரையும் ஒரு வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் பிள்ளைகளை இப்படிப்பட்ட வீடுகளில்தான் விட்டுச் செல்கின்றன. பிள்ளைகள் வெளியே ஓடியாட வேண்டும்; அதற்காகக் கொல்லையில் ஏறி விளையாட ஏதாவது வாங்கிப் போட வேண்டும். கடைப் பட்டியலைப் புரட்டினால் கோபுரம், கயிற்றேணி, செயற்கைப் பாறைச் சுவர், குரங்குக் கம்பி என்று கண்ணைக் கவரும் வகைகள். எதை வாங்குவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதன்மேல் நிறுத்துவது என்ற கேள்வி அதற்கு முன்னால் வர வேண்டும். இந்த அத்தியாயம் அங்கிருந்தே தொடங்குகிறது.

வீட்டுக் கொல்லைதானே, பொதுப் பூங்காவைவிடப் பத்திரம் என்று நினைப்பது இயல்பு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 1990 முதல் 2000 வரை விளையாட்டுச் சாதனங்களால் இறந்த 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 147 பேர். அவர்களில் 100-க்கு 70 பேர் இறந்தது வீட்டில் போடப்பட்ட சாதனங்களில். பூங்காவில் யாராவது அளந்து பார்க்கிறார்கள். வீட்டில் பெரும்பாலும் அளப்பதில்லை.

அடி எங்கிருந்து வருகிறது

ஒன்றரை மீட்டர், அதாவது சுமார் 5 அடி உயரத்திலிருந்து ஒரு பிள்ளை விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தரையைத் தொட அரை விநாடிக்குச் சற்றே மேல் ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். எந்தத் தரையானாலும் இந்த வேகம் மாறாது. சிமென்ட்டுக்கும் மணலுக்கும் உள்ள வேறுபாடு, அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதில் இருக்கிறது.

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டே பிடிப்பார். பந்தின் வேகம் அதேதான், ஆனால் நிற்பதற்கு நீண்ட தூரம் கிடைப்பதால் கை தப்புகிறது. விழும் தலைக்கு அந்தத் தூரத்தைத் தரைதான் தர வேண்டும். தொட்ட கணத்திலிருந்து முழுதாக நிற்கும்வரை உடல் நகரும் தொலைவை அடங்குதூரம் என்று சொல்வோம்.

இதில் ஓர் எளிய கணக்கு உண்டு. விழுந்த உயரத்தை அடங்குதூரத்தால் வகுத்தால், நிற்கும்போது உடல் தாங்கும் சராசரி விசை அதன் எடையைப் போல் எத்தனை மடங்கு என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். சிமென்ட்டில் தரை விட்டுக்கொடுக்காது; தலையின் தோலும் மண்டையோடும் கொஞ்சம் நெளிவதுதான் அடங்குதூரம். அதை 5 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒன்றரை மீட்டரை அதனால் வகுக்க 300 மடங்கு. காய்ந்து இறுகிய மண்ணில் ஒன்றரை செ.மீ. கிடைத்தால் 100 மடங்கு. தளர்வான மரச்சீவலில் 5 செ.மீ. கிடைத்தால் 30 மடங்கு. இவை சராசரிகள், உச்சத்தில் விசை இவற்றைப் போல் இரண்டு மடங்குக்கு எகிறலாம். உயரம் மாறவே இல்லை. சில செ.மீ. வித்தியாசம் அடியைப் பத்தில் ஒன்றாக்கிவிட்டது.

கட்டில் புதிரும் இப்போது அவிழ்கிறது. அரை மீட்டர் உயரக் கட்டிலிலிருந்து விழும் பிள்ளை பெரும்பாலும் உருண்டு, கை, இடுப்பு, தோள் என்று பகுதி பகுதியாகத் தரையைத் தொடுகிறது. உயரமும் குறைவு, உடம்பும் மடங்கிக்கொடுத்துக் கொஞ்சம் அடங்குதூரம் சேர்க்கிறது. அதற்காகக் கட்டில் விழுதலை அலட்சியம் செய்யக்கூடாது. தலை நேராக மோதினால் டைல்ஸ் டைல்ஸ்தான்.

தரைகளைச் சோதிக்கும் ஆய்வகங்களில் சுமார் நாலரைக் கிலோ எடையுள்ள, அரைக்கோள வடிவ உலோகத் தலை ஒன்றைப் போட்டுப் பார்க்கிறார்கள். அதனுள் இருக்கும் உணரி, வேகம் எவ்வளவு சடுதியாக அடங்கியது என்று பதிவு செய்யும். உச்ச அதிர்ச்சி 200 மடங்கைத் தாண்டக்கூடாது. அதிர்ச்சி எவ்வளவு நேரம் நீடித்தது என்பதையும் சேர்த்துக் கணக்கிடும் ‘தலைக்காய எண்’ 1000-ஐத் தாண்டக்கூடாது. இந்த எண்ணின் வேர் விளையாட்டுக்களத்தில் இல்லை. டெட்ராய்ட் நகரின் வேய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், கார் விபத்துகளில் மண்டையோடு எவ்வளவு தாங்கும் என்று தேடிய ஆய்வுகளிலிருந்து வந்தது. இந்த இரண்டு வரம்புகளையும் மீறாமல் ஒரு தரை ஏற்றுக்கொள்ளும் அதிகபட்ச உயரத்தை அந்தத் தரையின் தாங்குயரம் என்போம். தாங்குயரத்துக்குள் விழுந்தால் காயமே வராது என்று பொருள் இல்லை. உயிரைப் பறிக்கும் தலைக்காயத்தின் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது, அவ்வளவே.

புல்லுக்கு அடியில்

புல் பார்வைக்கு மெத்தை. அடியைத் தாங்குவது இலை அல்ல, அதன் கீழுள்ள மண். மழை பெய்த மறுநாள் அந்த மண் நெகிழ்வாக இருக்கலாம். கோடையின் நடுவில் செங்கல்போல் இறுகிவிடும். பிள்ளைகள் அடிக்கடி விழும் இடங்கள் சறுக்குமரத்தின் கால்மாட்டிலும் ஏணியின் அடியிலும் இருக்கின்றன. புல் முதலில் தேய்ந்து மறைவதும் அங்கேதான். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1981 முதல் வெளியிட்டு, திருத்தி வரும் விளையாட்டுக்களக் கையேடு புல்லையும் வெறும் மண்ணையும் பாதுகாப்புத் தரையாக ஏற்காததற்குக் காரணம் இதுவே. வானிலையையும் தேய்மானத்தையும் பொறுத்து நாளுக்கு நாள் மாறும் தரையை நம்பி உயரம் குறிக்க முடியாது.

அந்தக் கையேடு தரும் அளவுகள் மனத்தில் நிறுத்தத் தக்கவை. 9 அங்குலம், அதாவது 23 செ.மீ. ஆழத்துக்கு மணல் இருந்தால் தாங்குயரம் 4 அடி. அதே ஆழத்தில் பட்டாணி அளவுக் கூழாங்கல் 5 அடி, மரத்தழைத் துருவல் 7 அடி, மரச்சீவல் 10 அடி வரை தாங்கும். ரப்பர் துருவலுக்கு 6 அங்குலமே போதும், 10 அடி தாங்கும். இவை அமுங்கி அடங்கிய பின் இருக்க வேண்டிய ஆழங்கள். தளர்வாகக் கொட்டும் பொருள் காலப்போக்கில் குறைந்தது கால் பங்கு அமுங்கும். எனவே 23 வேண்டுமென்றால் முதலில் 30 செ.மீ. கொட்ட வேண்டும். ரப்பரைத் தவிர மற்ற எதையும் 23-க்குக் குறைவாகப் போடுவதில் பயன் இல்லை. ஆழம் போதாத இடத்தில் குதிகால் பட்டதும் பொருள் விலகி, அடியிலுள்ள கெட்டி மண் வெளியே வந்துவிடும்.

வீட்டுக்குள் வைக்கும் சிறு பிளாஸ்டிக் ஏணிகளுக்கும் இந்த நியாயம் பொருந்தும். மழை நாளில் அவற்றை வராந்தாவுக்கோ கூடத்துக்கோ இழுத்துவிடுகிறோம். சிமென்ட் மேலும் மரத்தரை மேலும் அவற்றை வைக்கக்கூடாது. கம்பளம் விரித்தாலும் போதாது.

ஒரு கொல்லையை அளப்போம்

6 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலம் கொண்ட ஒரு பின்கொல்லையை எடுத்துக்கொள்வோம். மூன்று பக்கம் வேலி, ஒரு பக்கம் வீட்டுச் சுவர். பிள்ளைகள் எட்டுப் பேர். கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது, மூத்ததற்கு ஐந்து. காப்பகம் நடத்துபவர் ஆசைப்படுவது ஒன்றரை மீட்டர் உயரத் தட்டு உள்ள கோபுரம். அடிப்பகுதி 1.2 மீட்டருக்கு 1.2, அதிலிருந்து 2.4 மீட்டர் நீளத்துக்குச் சறுக்கு இறங்குகிறது. கொல்லையில் நாடா பிடித்துப் பார்த்தால் இடம் இருப்பதுபோலத்தான் தெரியும்.

ஆனால் விழும் பிள்ளை சாதனத்தின் காலடியிலேயே விழுவதில்லை. தவறி, தடுமாறி, சில நேரம் குதித்து வெளியே வந்து விழுகிறது. அதனால் ஒரே இடத்தில் நிற்கும் ஏறுசாதனத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் 6 அடி, சுமார் 1.8 மீட்டர், தடையில்லாத, மெத்தென்ற தரை வேண்டும். இதை விழுவெளி என்று அழைக்கலாம். வேலி, மரம், சிமென்ட் விளிம்பு, தோட்டத்து நாற்காலி எதுவும் அதற்குள் வரக்கூடாது. ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் இன்னும் அதிகம் தேவை. இவ்வளவு சிறிய கொல்லையில் ஊஞ்சலை மறந்துவிடலாம்.

கோபுரமும் சறுக்கும் சேர்ந்து 3.6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம். இரு முனையிலும் 1.8 கூட்டினால் நீளம் 7.2 மீட்டர், அகலம் 4.8. கொல்லையின் நீளமே 6 மீட்டர்தான். கோபுரம் அங்கே பொருந்தாது. எப்படித் திருப்பி வைத்தாலும் யாரோ ஒரு பிள்ளை வேலியிலோ சுவரிலோ மோதும் வாய்ப்பு இருக்கும்.

தாழ்வான ஒன்றைப் பார்ப்போம். தட்டின் உயரம் 80 செ.மீ., அடி ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், குட்டைச் சறுக்கு 1.2 மீட்டர். மொத்த நீளம் 2.2, அகலம் 1. விழுவெளியோடு சேர்த்தால் நீளம் 5.8 மீட்டர், அகலம் 4.6. கொல்லைக்குள் அடங்குகிறது. இந்த 80 செ.மீ. நான் சும்மா எடுத்த எண் அல்ல. நடை பழகும் பிள்ளைகளின் ஏறுசாதனம் 32 அங்குலத்துக்குக் கீழ் இருக்க வேண்டும் என்கிறது கையேடு. அது 81 செ.மீ. ஒன்றரை வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே நேரத்தில் வெளியே வரும் வீட்டில், உயரத்தைச் சின்னதற்கு ஏற்ப நிர்ணயிப்பதே சரி. பெரியதற்கு வேண்டிய சவாலை வேறு வழியில், கயிற்று வலையாகவோ சாய்ந்த மரத்துண்டாகவோ, அதே தாழ்வான உயரத்தில் தரலாம். தட்டைச் சுற்றி, கால் வைத்து ஏற இடம் தராத அடைப்பு குறைந்தது 29 அங்குலத்துக்கு இருக்கட்டும்.

குரங்குக் கம்பி கேட்டு மூத்த பிள்ளை அடம் பிடிக்கும். நான்கு வயதுக்குக் கீழ் அது வேண்டாம். தொங்கும் பிடி நழுவிக் கையூன்றி விழுந்து முழங்கைக்கு மேல் எலும்பு முறிவது குழந்தை எலும்பு மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் காயம். வயது வந்தாலும் அதற்கென்று தனி விழுவெளி வேண்டும். இந்தக் கொல்லையில் அதற்கு இடம் இல்லை.

இனித் தரை. விழுவெளியின் பரப்பு ஏறத்தாழ 27 சதுர மீட்டர். 30 செ.மீ. ஆழம் நிரப்ப 8 கன மீட்டர் பொருள் வேண்டும். மணல் என்றால் 12 டன்னுக்கு மேல். ஒரு பெரிய லாரி லோடு. ஏணியின் விலையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் திகைப்பது இந்த இடத்தில்தான். பணம் குறைவு என்றால் சாதனத்தில் குறைத்துத் தரையில் போடுங்கள் என்பேன். வெறும் தரையில் நிற்கும் அழகான கோபுரத்தைவிட, ஆழமான மணலில் கிடக்கும் இரண்டு மரக்கட்டைகள் பிள்ளைகளுக்கு நல்லது.

டொரண்டோ சொன்ன எதிர்பாராத செய்தி

மணலா மரச்சீவலா? ஆய்வக எண்களைப் பார்த்தால் மரச்சீவல்தான் வெல்லும். அதே ஆழத்தில் இரண்டு மடங்குக்கு மேல் உயரம் தாங்குகிறது. கனடாவின் டொரண்டோ நகரில் மருத்துவர் ஆண்ட்ரூ ஹோவர்டும் குழுவினரும் இதை உண்மையான பள்ளிகளில் சோதித்தார்கள். விளையாட்டுக்களத் தரையை மாற்றவிருந்த பள்ளிகளில் சிலவற்றுக்குக் கருங்கல் மணல், சிலவற்றுக்குப் பதப்படுத்திய மரநார்ச் சீவல் எனக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பிறகு கை முறிவுகளை எண்ணினார்கள். 2009-இல் வெளியான முடிவு: மரநார்த் தரையில் விழுந்து கை முறிந்த வீதம், மணலில் நடந்ததைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு.

ஆய்வகமும் பள்ளியும் முரண்படுவதுபோல் தோன்றும். அவை அளந்தவை வெவ்வேறு. உலோகத் தலை நேராகக் கீழே விழுகிறது. பிள்ளையோ ஓடிய வேகத்தோடு சாய்வாக வந்து கையை ஊன்றுகிறது. மணலில் ஊன்றிய கை வழுக்கிப் போகிறது, கூடவே உடலும் நகர்கிறது. அடங்குதூரம் பக்கவாட்டில் கிடைக்கிறது. நார்கள் பின்னிப் படிந்த தரையில் உராய்வு அதிகம். உள்ளங்கை நட்டதுபோல் நின்றுவிட, உடலின் எடை முழுதும் முழங்கைக்கு மேல் வந்து இறங்குகிறது. ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இந்த உராய்வுதான்.

தலைக்காயம் அரிது, ஆனால் கொல்லும். கை முறிவு ஆறிவிடும், ஆனால் அடிக்கடி நடக்கும். இரண்டையும் ஒரே தரையில் சமாளிக்க முடியுமா? நம் கொல்லையில் முடியும், காரணம் உயரத்தை ஏற்கெனவே 80 செ.மீட்டருக்கு இறக்கிவிட்டோம். மணலின் தாங்குயரம் 4 அடி, அதாவது 120 செ.மீ.; தலைக்கு அது தாராளம். கைக்கு மணலே மேல். டொரண்டோவில் ஆராய்ந்தது பள்ளி வயதுப் பிள்ளைகளை. மூன்று வயதுக்கும் அதே 5 மடங்கு என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. இருந்தாலும் இந்த வீட்டுக்கு நான் மணலையே தேர்ந்தெடுப்பேன். இரவில் மூடி வைக்கத் தார்ப்பாய் வேண்டும், பூனைகள் மணலைக் கழிப்பிடமாக்கும். சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருந்தால் முடிவு மாறும். சக்கரம் மணலில் புதைந்து அந்தப் பிள்ளை மட்டும் ஓரத்தில் நிற்க நேரிடும். அங்கே இறுக்கமாகப் படியும் மரநாரோ வார்ப்பு ரப்பரோதான் நியாயம்.

கால் நுழைந்து, தலை நுழையாத இடைவெளி

முன்பு சொன்ன 147 மரணங்களுக்குத் திரும்புவோம். விழுந்து இறந்தவர்கள் 31 பேர். கழுத்து இறுகி இறந்தவர்கள் 82 பேர். எல்லோரும் உயரத்தைப் பார்த்துப் பயப்படுகிறோம். உயிரை அதிகம் எடுத்தது கயிறும் இடுக்கும்.

பெரியவர்களுக்கு இது விளங்கச் சற்று நேரம் ஆகும், ஏனென்றால் நம் உடலின் அளவுகள் வேறு. நம் தலை உயரத்தில் எட்டில் ஒரு பங்கு, தோள் அதைவிட எவ்வளவோ அகலம். பிறந்த குழந்தைக்குத் தலை மட்டுமே உடலில் நாலில் ஒரு பங்கு. மழலைப் பருவத்திலும் தலைதான் பெரிது, இடுப்பும் மார்பும் ஒடுக்கம். தட்டில் உட்கார்ந்து இரண்டு கம்பிகளுக்கு நடுவே காலை விட்டு விளையாடும் பிள்ளை அப்படியே சறுக்கி இறங்கினால் கால் போகும், இடுப்பு போகும், மார்பும் போகும், தலை மாட்டிக்கொள்ளும். கால் தரையைத் தொடாது. இப்படிப்பட்ட இடைவெளியைச் சிக்கிடம் என்போம்.

கையேட்டின் விதி தெளிவானது: மூன்றரை அங்குலத்துக்கும் 9 அங்குலத்துக்கும் இடைப்பட்ட திறப்பு எதுவும் கூடாது. செ.மீட்டரில் சொன்னால் 9-க்கும் 23-க்கும் நடுவே. 9-க்குக் குறைவு என்றால் மிகச் சிறிய பிள்ளையின் மார்பே நுழையாது. 23-க்கு மேல் என்றால் மிகப் பெரிய பிள்ளையின் தலையும் வெளியே வந்துவிடும். வீட்டிலேயே சோதிக்கலாம். தடித்த அட்டையில் 9-க்கு 16 செ.மீ. செவ்வகம் ஒன்றும், 23 செ.மீ. விட்டமுள்ள வட்டம் ஒன்றும் வெட்டிக்கொள்ளுங்கள். செவ்வகம் நுழைந்து, வட்டம் நுழையாத இடம் எதுவானாலும் அது சிக்கிடம். பழைய சாதனத்தை யாராவது இலவசமாகத் தந்தால், தூக்கி வருவதற்கு முன்பே இந்த இரண்டு அட்டைகளோடு போய்ப் பாருங்கள்.

கயிறு பற்றி ஒரே வரி போதும்: வடிவமைத்தவர் கட்டிய கயிற்றைத் தவிர வேறெதையும் ஏறுசாதனத்தில் கட்டாதீர்கள். துணிக்கொடி, நாய்ச் சங்கிலி, தாண்டிக் குதிக்கும் கயிறு எல்லாமே ஆபத்து. சட்டைத் தொப்பியின் நாடா, துப்பட்டா, கழுத்தில் தாயத்துக் கோத்த கறுப்புக் கயிறு ஆகியவற்றை ஏறுவதற்கு முன் கழற்ற வேண்டும். தாயத்து விஷயத்தில் பாட்டிகளிடம் பக்குவமாகப் பேச வேண்டியிருக்கும், பேசத்தான் வேண்டும். சைக்கிள் ஹெல்மெட்டும் ஏறும்போது தலையில் இருக்கக்கூடாது. அது தலையைப் பெரிதாக்கி, பத்திரமான இடைவெளியையும் சிக்கிடமாக மாற்றிவிடும்.

தானாக ஏறிய பிள்ளை

இவ்வளவு படித்தபின் ஏணியே வேண்டாம் என்று தோன்றலாம். அப்படி முடிவெடுத்தால் பிள்ளைக்குப் பெரிய நஷ்டம். ஏறுவதற்காகவே செய்யப்பட்ட கம்பிச் சட்டம் பிறந்த கதையைக் கேளுங்கள். நான்காம் பரிமாணத்தைப் பற்றி எழுதிய கணிதர் சார்லஸ் ஹவர்ட் ஹின்டன், ஜப்பானில் வாழ்ந்த காலத்தில் தன் பிள்ளைகளுக்கு முப்பரிமாண வெளி பழகட்டும் என்று மூங்கிலில் ஒரு சட்டம் கட்டினார். எண்களைச் சொல்லி, அவை குறிக்கும் சந்திப்புக்கு ஏறச் சொல்வார். மகன் செபாஸ்டியன் வளர்ந்து சிகாகோவில் காப்புரிமை வழக்கறிஞரானார். 1920-இல் இதற்குக் காப்புரிமை கோரினார், 1923-இல் கிடைத்தது. அருகிலிருந்த வினெட்கா ஊரின் பள்ளியில் நிறுவப்பட்ட அந்தச் சட்டம் உலகெங்கும் பூங்காக்களுக்குப் பரவியது. கணிதர் எதிர்பார்த்தது பாடம். பிள்ளைகள் எடுத்துக்கொண்டது ஏறுவதன் இன்பம். இரண்டும் ஒன்றாகவே நடந்திருக்கும் என்று நம்புகிறேன். கை எட்டுமா, கால் தாங்குமா, அடுத்த பிடி எங்கே என்று பிள்ளை ஒவ்வொரு அசைவிலும் கணக்குப் போடுகிறது.

அந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப், சாய்வை மாற்றக்கூடிய ஒரு சரிவுப் பலகையில் குழந்தைகளை விட்டுப் பார்த்தார். தவழ்ந்து பல வாரம் பழகிய குழந்தைகள் செங்குத்தான சரிவைக் கண்டதும் நின்றுவிட்டன அல்லது வேறு வழியில் இறங்கின. அதே குழந்தைகள் நடக்கத் தொடங்கிய முதல் வாரங்களில், தவழும்போது தவிர்த்த அதே சரிவில் தயங்காமல் காலெடுத்து வைத்து விழப்போயின. தவழும் உடலுக்குக் கிடைத்த அறிவு நிற்கும் உடலுக்குத் தானாக வந்து சேரவில்லை. மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருந்தது. ஆபத்தைக் கணிக்கும் திறன், ஏறி இறங்கிப் பழகப் பழக வருவது. பழகாத பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் ஐந்து வயதுக்கு ஏற்ற உயரத்தை ஒன்றரை வயதுக்குத் தரக்கூடாது.

புடாபெஸ்ட் நகரின் குழந்தை மருத்துவர் எம்மி பிக்லர், 1946-இல் ஆதரவற்ற குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கியவர். இன்று பல வீடுகளில் காணப்படும் முக்கோண ஏணி அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. தானாக வர முடியாத ஒரு நிலையில் குழந்தையைக் கொண்டுபோய் வைக்காதீர்கள் என்பது அவர் கடைப்பிடித்த நெறி. ஏணியடியில் நின்று கையை உயர்த்தும் பிள்ளையைத் தூக்கி மேலே வைப்பது அன்பால் செய்வது. ஆனால் ஏறும் வழியை அந்த உடல் கற்கவில்லை, எனவே இறங்கும் வழியும் அதற்குத் தெரியாது. தானாக ஏறிய பிள்ளை எவ்வளவு உயரம் வந்தோம் என்பதைக் கையாலும் காலாலும் அறிந்திருக்கிறது.

ஏறுசாதனத்தைத் தேர்ந்தெடுக்க எனக்குள்ள அளவுகோல் இதுதான்: பிள்ளை கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, வேண்டாம் என்று திரும்பக்கூடிய கடினம் இருக்கட்டும். உயரமான படி, ஆடும் கயிறு, எட்டாத பிடி எல்லாம் அந்த வகை. பிள்ளையால் பார்த்து அறியவே முடியாததை நாம் அகற்ற வேண்டும்: மணலுக்குள் மறைந்த கெட்டித் தரை, தலை சிக்கும் இடைவெளி, நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட், உளுத்த மரக்கால். முதலாவதை அகற்றி இரண்டாவதை விட்டுவைத்திருக்கும் கொல்லைகளே அதிகம்.

வெயிலும் மடியும்

வெயிலில் கிடக்கும் உலோகச் சறுக்கு சுடும் என்பது எல்லோருக்கும் தெரியும். பிளாஸ்டிக் தட்டும் கறுப்பு ரப்பர் விரிப்பும்கூடப் பிஞ்சுத் தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடேறும். காற்று இதமாக இருக்கும் நாளிலும் இது நடக்கும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் தோல் மெல்லியது, சுட்டதும் சட்டென்று விலகவும் தெரியாது. சறுக்கை வடக்கு பார்த்து அல்லது நிழலில் வையுங்கள். பிள்ளைகளை விடும் முன் உங்கள் புறங்கையை ஒரு நிமிடம் அதில் வைத்துப் பாருங்கள்.

பயப்படும் பிள்ளையை மடியில் வைத்துச் சறுக்குவது இன்னொரு அன்பான தவறு. தனியாகச் சறுக்கும் பிள்ளையின் செருப்பு ஓரத்தில் உரசினால், அதன் சிறு எடை அதோடு நின்றுவிடும். மடியில் இருக்கும்போது பின்னால் பெரியவரின் எடை முழுதும் தள்ளுகிறது. பாதம் நின்றுவிட உடல் போய்க்கொண்டே இருக்கிறது, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறுகி உடைகிறது. பெற்றோரின் மடியில் இருந்தபடியே கால் முறிந்து மருத்துவமனைக்கு வரும் மழலைகள் உண்டு.

கம்பத்தில் ஒரு கோடு

நம் கொல்லையில் வேலை தொடங்கலாம். புல்லையும் மேல்மண்ணையும் வெட்டி எடுத்து, நீர் வடிய அடியில் சரளை ஒரு அடுக்கு, அதன்மேல் மண் ஏறாமல் தடுக்கும் வடிதுணி, பிறகு மணல். விளிம்பில் மணல் சரியாமல் இருக்க உருண்டை முனையுள்ள தடுப்பு. சாதனத்தின் கால்களைத் தரையில் ஆழ ஊன்றிச் சிமென்ட்டில் பிடிக்க வேண்டும். அந்தச் சிமென்ட்டின் தலை மணலுக்கு அடியில் முழுதாகப் புதைந்திருக்கட்டும். கம்பங்களில் 30 செ.மீ. நிரம்பும் மட்டத்தில் அழியாத வண்ணத்தில் ஒரு கோடும், அதற்கு 7 செ.மீ. கீழே, ஆழம் 23 ஆகும் இடத்தில், சிவப்பில் இன்னொரு கோடும் போட்டுவிடுங்கள். சறுக்கின் முடிவில் பிள்ளைகளின் கால் மணலை ஓயாமல் தள்ளிக் குழி பறிக்கும்; தினமும் காலையில் வாரியை எடுத்து இழுத்துச் சமன் செய்ய வேண்டிய இடம் அதுதான். சிவப்புக் கோடு கண்ணில் பட்டால், மணல் வந்து கொட்டும்வரை அன்றைக்கு ஏணி மூடல்.